அடுத்தவர் வாயால்

ஆரணியில் வேலை பார்த்த காலம் முழுவதும் என் ஆராய்ச்சியைப் பற்றி நான் ஒருமுறைகூட மேடையேறிப் பேசியதில்லை. பேசத் தெரியாமல் இல்லை. பேச விடவில்லை. விடாதவர் மேடம்.

மையத்தில் மேடம் என்று கூப்பிடத்தக்கவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் "மேடம் வந்துட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டால் எந்த மேடம் என்று மற்றவர் கேட்கமாட்டார். வேதியியல் படித்தவர், மையத்தின் பொறுப்பும் அவரிடம்தான். குள்ளம். நடக்கிற வேகத்துக்கு நாம் ஓட வேண்டும். பட்டு ஊரில் இருந்துகொண்டு அவர் பட்டுப்புடவை கட்டி நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்டால், "பட்டு வேவற வாசனைய ஒரு தபா புடிச்சிப் பாருங்க சார், அப்பால நீங்களே கேக்கமாட்டீங்க" என்பார். கைப்பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். செமினார் நடக்கும்போது கடைசி வரிசை நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு அதைத்தான் கொறிப்பார். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால்கூடக் காலை இறக்கமாட்டார்.

பல்கலைக்கழகத்தின் பலதுறை அறிவியல் ஆய்வு மையம் என்பது எங்கள் முழுப் பெயர். பெயரைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் கட்டடத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். சேத்துப்பட்டு சாலையில், கீழே டயர் கடை இருக்கிற கட்டடத்தின் மேல் இரண்டு மாடிகள். வாடகை. இயற்பியலுக்கு ஒரு அறை, வேதியியலுக்கு ஒன்று, நுண்ணுயிரியலுக்கு ஒன்று, கணினிக்காரர்களுக்கு மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு மூலை. எந்தத் துறையிலும் ஒட்டாதவர்களைப் பிடித்து இங்கே தள்ளிவிட்டார்கள் என்பது என் கட்சி. என்னையும் அப்படித்தான் சென்னையிலிருந்து தள்ளினார்கள். அந்த எரிச்சல் எனக்கு ரொம்ப நாள் தீரவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் செமினார். அதற்கு மேடம் ஒரு விதி வைத்திருந்தார். உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது. வேறு துறைக்காரர் ஒருவர் பேசுவார். யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அவர் ஒரு வாரம் உங்கள் அறைக்கு வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, ஸ்லைடும் தானே தயாரித்துக்கொண்டு, மேடையில் நின்று உங்கள் வேலையைச் சொல்வார். நீங்கள் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர் முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் ஐந்து நிமிடம் தருவார்கள், அவர் சொன்னதில் தப்பு இருந்தால் திருத்த மட்டும். இளைஞர்கள் இதற்கு வாய்ப்பூட்டு வியாழன் என்று பெயர் வைத்திருந்தார்கள். மேடத்துக்கும் அது தெரியும்.

என் வேலை முதன்முதலாக மேடையேறியபோது சீட்டில் வந்தவள் ரேவதி. முள்ளிப்பட்டுப் பெண். வீட்டில் இரண்டு தறி. இங்கே நுண்ணுயிரியலில் ஆராய்ச்சி மாணவி. நான் பட்டு நூலின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்திலிருந்து நூலின் தடிமனைக் கணக்கிடும் வேலையில் இருந்தேன். அதற்கு ஒரு பக்க நீளத்தில் தலைப்பு வைத்திருந்தேன். ரேவதி மேடையேறினாள்.

"சார் நூலு மேல லேசர் அடிக்கறாரு. அந்தாண்ட செவுத்துல கோடு கோடா விழுது. அந்தக் கோட்ட அளந்தா நூல் எவ்ளோ மெலிசுன்னு தெரிஞ்சிடும். எதுக்கு சார் இதுன்னு கேட்டேன். பேப்பர் போடறதுக்குன்னாரு."

அரங்கம் சிரித்தது. நான் எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து கடலை கொறிக்கும் சத்தம் நின்றது.

"சார், அவங்க இன்னும் முடிக்கல" என்றார் மேடம்.

உட்கார்ந்தேன். கடைசியில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். எதைத் திருத்துவது? அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் குமுறித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சரியாத்தானே சொல்லியிருக்கு?" என்று கேட்டாள் அவள். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே, எந்த நூலைக் குறுக்கே ஓடும் ஊடைக்கு வைக்கலாம், எதை நெடுக்கே ஓடும் பாவுக்கு வைக்கலாம் என்று பிரிக்க அந்தக் கோடுகள் உதவுமா என்று பார்க்க ஆரம்பித்திருந்தேன். அதை மேடத்திடம் நான் ஒப்புக்கொண்டதில்லை.

மேடத்தின் கணவர் செய்யாறில் ஒரு கம்பெனியில் ஷிஃப்டு வேலை பார்த்தார். சாதுவான மனிதர். ஒருமுறை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மேடத்தைக் கூட்டிப்போக மையத்துக்கு வந்தவர், மேடம் வேலை முடிந்து வரும் வரை என் அறையில் உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் இப்படித்தானா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"அத்த ஏன் கேக்கறீங்க சார். எங்க வூட்ல சண்டைன்னா அவங்க தரப்ப நான் பேசணும், என் தரப்ப அவங்க பேசணும். நான் அவங்களுக்காகப் பேசிகினே இருக்கும்போது பாதியில எனக்கே என் மேல கோவம் வந்துடும்."

"ஜெயிக்கறது யாரு?"

"சண்டையே முடியறதில்ல சார். சிரிச்சிடுவோம்."

வெளியாட்களிடமும் மேடம் இப்படித்தான். குழாய் ரிப்பேர்காரர், ஆட்டோக்காரர், பேங்க் மேனேஜர் யாராக இருந்தாலும் பேசி முடித்ததும், "நான் இன்னா சொன்னேன்னு நீங்க ஒரு தபா சொல்லுங்க" என்பார். சிலருக்கு முகம் சுருங்கும். பேங்க் மேனேஜருக்கு ரொம்பவே சுருங்கியது. மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. இந்த விஷயத்தில் அவருக்கு இரக்கமே கிடையாதோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. தன் வேலையை அடுத்தவர் மேடையில் கந்தல் ஆக்குவதைக் கேட்டு அழுதவர்களை அவர் தேற்றி நான் பார்த்ததில்லை. கடலையை நீட்டுவார், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் சிறப்புரைக்கு வந்தார். அவரிடமும் மேடம் விதியைச் சொன்னார். உங்கள் கட்டுரைகளைப் படித்துவிட்டு எங்கள் கணினிக்காரர் பிரபு பேசுவார், நீங்கள் முன் வரிசையில் உட்காருங்கள், என்று. அந்தப் பெரியவருக்குக் காதுமடல் வரை சிவந்தது. "நான் இங்க எதுக்கு வந்தேன்?" என்றார். "கேக்கறதுக்கு சார்" என்றார் மேடம், நல்ல பணிவோடு. அவர் பேசவும் இல்லை, கேட்கவும் இல்லை. போர்த்திய ஆரணிப் பட்டுச் சால்வையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். மறுநாள் தலைமை வளாகத்திலிருந்து இயக்குநர் போன் செய்து கத்தியது மாடிப்படி வரை கேட்டது.

அன்று சாயங்காலம் நான் கேட்டேவிட்டேன். "மேடம், எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? ஊர்ல எல்லாரும் தன் வேலைய தானே பேசறாங்க. உலகம் நடக்கலையா?"

கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்:

"நம்ம வேலையில எங்க ஓட்ட இருக்குன்னு நமக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் தெரியும் சார். நாமளே பேசினா அந்த எடம் வரும்போது ஜல்தியா தாண்டிடுவோம், இல்ல குரல ஒசத்திடுவோம். அடுத்தவங்களுக்கு அந்த எடம் தெரியாது. அவங்க பாட்டுக்கு ஒரே மாதிரி நடந்துகினு வருவாங்க. ஓட்டையில கால் உழும். அப்ப எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு அன்று அது ஒரு பேச்சாகத்தான் பட்டது. கால் விழுந்த நாளில் மேடையில் நின்றிருந்தவன் நானாக இருப்பேன் என்று நினைக்கவில்லை.

மேடத்தின் சொந்த ஆராய்ச்சி பட்டு வேக வைக்கும் தண்ணீரைப் பற்றியது. கச்சாப் பட்டில் ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேக வைத்தால்தான் அது போய் நூல் மினுக்கும், சாயமும் ஏறும். வேக வைத்த தண்ணீர் பசையும் சோப்புமாக நுரைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போகும். அங்கிருந்து ஏரிக்குப் போகும். நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் மனுமேல் மனுவாகக் கொடுத்து, பட்டறைகளை மூடச்சொல்லும் நிலை வந்திருந்தது. அந்த அழுக்கைத் தின்கிற நுண்ணுயிரை வளர்த்து, ஒரு தொட்டியில் விட்டுத் தண்ணீரைச் சுத்தப்படுத்துவதுதான் மேடத்தின் திட்டம். ஆய்வகத்தில் தொட்டி அற்புதமாக வேலை செய்தது. அழுக்கு கிட்டத்தட்ட முழுவதுமே போய்விட்டது.

சாயப்பட்டறை வைத்திருந்த தனசேகர் தன் கொல்லையில் இடம் தர முன்வந்தார். சுற்றுச்சுவரை இடித்து, நின்றிருந்த முருங்கை மரத்தை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்தும் விட்டார். "மேடம் கிருமி வளக்கறாங்க, அத்த உட்டா மொத்த அழுக்கும் துன்னுடும், தண்ணி கண்ணாடி மாரி வரும்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மையத்தில் பயிலரங்கு. பட்டறைக்காரர்களும் வருகிறார்கள், திட்டத்துக்கு நிதி தருகிறவர்களின் மதிப்பீட்டுக் குழுவும் வருகிறது. குழு தலையாட்டினால் தொட்டி வரும், மையமும் ஆரணியில் நிற்கும். இல்லையென்றால் இரண்டு மாடியையும் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். இயக்குநர் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமைச் செமினாரில் மேடத்தின் வேலைதான் பேச்சு. சீட்டு எனக்கு விழுந்தது. அதையே சனிக்கிழமை குழுவின் முன்னாலும் நான்தான் பேச வேண்டும் என்று முடிவாயிற்று.

முறைப்படி ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டேன். வேதியியல் அறையில் உதவியாளர் முருகன் சொன்னார். வேக வைத்த தண்ணீர் ரொம்பக் கெட்டி, மெஷின் படிக்காது. அதனால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்து அளக்கிறோம், வருகிற எண்ணைப் பத்தால் பெருக்குகிறோம். சுத்தம் செய்த தண்ணீர் தெளிவாக இருக்கும், அதை அப்படியே அளக்கலாம். சரி, எழுதிக்கொண்டேன். அப்புறம் அந்தக் கிருமியை வளர்த்துத் தொட்டியில் விடுகிற ரேவதியிடம் போனேன். கெமிஸ்ட்ரியிலிருந்து எண் வரும், பாட்டிலில் பத்தில் ஒன்று என்று எழுதியிருக்கும், அதனால் பத்தால் பெருக்கி மற்ற கணக்கைப் போடுகிறோம் என்றாள். சரி, அதையும் எழுதிக்கொண்டேன். ஒன்றை ஒரு ஸ்லைடிலும் மற்றதை அடுத்த ஸ்லைடிலும் போட்டேன்.

வியாழக்கிழமை இரண்டையும் வாசித்துவிட்டு மூன்றாவதுக்குப் போனபோது பிரபு கையைத் தூக்கினார்.

"சார், பின்னாடி போங்க. இங்க முருகன் பத்தால பெருக்கறாரு. அடுத்ததுல ரேவதி பத்தால பெருக்கறாங்க. ரெண்டும் ஒரே நம்பரா?"

எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. முருகன் ரேவதியைப் பார்த்தார். ரேவதி முருகனைப் பார்த்தாள். இரண்டு பேரும் தினமும் ஒன்றாகத்தான் டீ குடிக்கப் போவார்கள். டயர் கடையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, சினிமாவைப் பற்றி எல்லாம் பேசியிருப்பார்கள். இதை மட்டும் கேட்டுக்கொண்டதில்லை. காரணம் வேறொன்றும் இல்லை, மரியாதைதான். அடுத்த துறைக்காரரிடம் போய் இது பெருக்கியதா பெருக்காததா என்று கேட்டால் அவரை நம்பாதது மாதிரி ஆகிவிடுமே. எல்லாத் துறையையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த மரியாதை தெரியாது.

அழுக்குத் தண்ணீர் உண்மையில் இருந்ததைவிடப் பத்து மடங்கு அழுக்காகக் கணக்கில் ஏறியிருந்தது. சுத்தம் செய்த தண்ணீரின் எண் உள்ளபடி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்தக் கிருமி அவதாரம் எடுத்து வந்து மொத்த அழுக்கையும் விழுங்கியது போலத் தெரிந்தது. பிரபு உட்கார்ந்த இடத்திலேயே போனில் கணக்குப் போட்டார்.

"பாதி சார்" என்றார் மெதுவாக. "பாதிதான் போவுது."

எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. மேடம் காலை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தார். கையில் கடலை அப்படியே இருந்தது. நான் முடிக்கும் வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் போட்ட விதி. இன்றாவது அதை மீறுவார் என்று நினைத்தேன், மீற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவர் கையை மட்டும் அசைத்தார். தொடருங்கள்.

தொடர்ந்தேன். இன்னும் ஒரு கட்டு ஸ்லைடு மீதி இருந்தது. தொட்டியின் படம், ஏரியின் படம், தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும் என்று ஒரு வரி. ஒவ்வொன்றும் பொய் என்று எனக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். ஒரே குரலில் வாசித்தேன். அவ்வளவு நீளமான செமினாரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மேடத்தின் ஐந்து நிமிடம் வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சார் சொன்னதுல தப்பு எதுவும் இல்ல. என் வேலையிலதான் இருக்குது" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ரேவதி அழுதுகொண்டிருந்தாள். முருகன் எழுந்து, "மேடம், எம் மேலதான் தப்பு, நான் பெருக்கிட்டேன்னு எழுதியிருக்கணும்" என்று ஆரம்பித்தார். மேடம் அன்றுதான் முதன்முறையாக ஒருவரைத் தேற்றி நான் பார்த்தது. ரேவதியின் தோளில் கை வைத்துக்கொண்டு முருகனிடம் சொன்னார்: "நீயும் சரியா பண்ணிகிற, இவளும் சரியா பண்ணிகிறா. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இருந்தேன் இல்ல? நான்தான் கேட்டிருக்கணும்."

வெள்ளிக்கிழமை காலையில் பழைய பாட்டில்களை எடுத்து மறுபடி அளந்தார்கள். பாதிதான். மாற்றமில்லை. இயக்குநருக்கு மேடம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"குழு வர்றது ஒரு தடவ மேடம். சனிக்கிழமை நல்லபடியா முடியட்டும். அப்புறம் திருத்தம்னு ஒண்ணு அனுப்பிக்கலாம். உலகத்துல எல்லாரும் செய்யறதுதான்."

"சரிங்க சார். நீங்க சொன்னத நான் ஒரு தபா திருப்பிச் சொல்றேன். நாளைக்கு அவங்க முன்னாடி தப்புன்னு தெரிஞ்சே ஒரு நம்பர சொல்லணும். அவங்க ஊருக்குப் போனதும் சரியான நம்பர அனுப்பணும். கரெக்டுங்களா சார்?"

இயக்குநர், "உங்க இஷ்டம். ஆனா மையம் போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். "சார், தனசேகர் அண்ணன் பட்டறை வரைக்கும் வர்றீங்களா? தனியாப் போக தைரியம் இல்ல."

தைரியம் இல்லை என்று அவர் வாயால் கேட்டது எனக்கு என்னவோ போல் இருந்தது. பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். பட்டறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அண்டாவில் பட்டு வெந்துகொண்டிருந்தது. மேடம் சொன்ன வாசனை என் மூக்கில் ஏறியது. தனசேகர் சிரித்த முகமாக ஸ்டூலைத் தள்ளினார். மேடம் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எங்கே பெருக்கினோம், எங்கே மறுபடி பெருக்கினோம், எவ்வளவு குறையும் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"அண்ணா, நான் இன்னா சொன்னேன்னு நீங்க ஒரு தபா சொல்லுங்க."

தனசேகர் முகம் கறுத்துவிட்டது. "நீங்க கணக்கத் தப்பாப் போட்டுட்டீங்க. தொட்டி கட்டினா பாதிதான் போவும். மீதி எப்பவும் போல ஏரிக்குப் போவும். நான் செவுத்த இடிச்சிட்டேன், மரத்த வெட்டிட்டேன், தெருவெல்லாம் சொல்லிகினு இருக்கேன். இதான?"

"ஆமாண்ணா. அதான்."

"போங்க மேடம். எனக்கு இன்னா பேசறதுன்னு தெரியல. பேஜாரா இருக்குது. போயிடுங்க."

திரும்பி வரும்போது சூரியகுளம் பக்கம் வந்ததும், மேடம் பின்சீட்டிலிருந்து, "சார், அவரு கரெக்டா சொல்லிட்டாரு இல்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்லவேளை, முன்னால் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை நான் பேசுவதற்குத் தயாராக இருந்தேன். ஸ்லைடுகளில் எண்களை மாற்றி, பத்துமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். மேடம் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு நான் பேசறேன் சார்."

"உங்க விதி என்னாவறது?"

"நல்லது இருந்தா அடுத்தவங்க சொல்லட்டும் சார். தப்ப நாமதான் சொல்லணும்."

இத்தனை நாளில் அவர் மேடையில் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்ட பிறகு ஒன்று புரிந்தது, மேடத்துக்குப் பேச வராது. மைக்கை ஒருமுறை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தார், ஒருமுறை ரொம்பத் தூரத்தில் வைத்தார். முதல் வாக்கியமே, "எங்க கணக்கு தப்பு" என்பதுதான். முன் வரிசையில் குழுவினர் ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் தடுமாறித் தடுமாறி, எங்கே பெருக்கினோம், யார் கேட்காமல் விட்டோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். முருகன் பெயரையோ ரேவதி பெயரையோ சொல்லவில்லை. நாங்கள் என்றார். கேட்க வேண்டிய இடத்தில் நான் என்றார். பாதிதான் போகும் என்று சொல்லி முடித்தார்.

குழுத் தலைவர் நல்ல மனிதர்தான். கோபமில்லாமல்தான் கேட்டார். "நேர்மையாச் சொன்னீங்கம்மா, சந்தோஷம். ஆனா பாதி அழுக்கு போறதுக்கு எதுக்கு ஒரு தொட்டி? நான் மேல என்னன்னு எழுதட்டும்?"

மேடம் தண்ணீரைக் குடித்தார். டம்ளரை வைத்தார். மறுபடி எடுத்தார். பிரபு என் காதில், "போச்சு சார்" என்றார்.

அப்போது பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம். தனசேகர். அவர் வந்திருந்ததையே நான் பார்க்கவில்லை. பட்டறைக்காரர்களுக்கு நடுவில் தோளில் துண்டோடு நின்றார்.

"ஐயா, நான் பேசலாங்களா? எடம் என்னுதுதான்."

தலைவர் தலையசைத்தார்.

"நேத்து இவங்க வந்து சொன்னப்ப எனக்கு வயிறு எரிஞ்சிது. ராவெல்லாம் யோசன பண்ணினு இருந்தேன். இவங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னிக்கு நீங்க கையெழுத்து போட்டிருப்பீங்க. நானும் தொட்டி கட்டியிருப்பேன். ஒரு மாசம் கழிச்சி ஏரியில நுரை வந்திருக்கும். ஊரு யார அடிக்கும்? இவங்களையா? நீங்க உங்க ஊருக்குப் போயிருப்பீங்க. என்னத்தான அடிக்கும்?" நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்ககிட்ட வந்து முழுசும் போவும்னு சொன்னவங்க நெறைய பேரு ஐயா. மருந்து விக்கறவன் சொல்லிகிறான், மெஷின் விக்கறவன் சொல்லிகிறான். பாதிதான் போவும்னு வீடு தேடி வந்து சொன்னது இந்தம்மா ஒருத்தர்தான். எனக்கு அந்தப் பாதி போதும். கட்டச் சொல்லுங்க. மீதிக்கும் இவங்களே வழி பாக்கட்டும், வேற யாரையும் நான் உள்ள உடமாட்டேன்."

உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. கைதட்ட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. குழுத் தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றி எதையோ நீளமாக எழுதினார். மேடம் மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

கேட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. ஆனால் கிடைத்தது. டயர் கடைக்கு மேலே மையம் இருந்தது. பாட்டிலில் பெருக்கியாயிற்றா இல்லையா என்று எழுதும் பழக்கமும், அதை நம்பாமல் ஒருமுறை நேரில் போய்க் கேட்கும் பழக்கமும் வந்தன. அப்புறம் மேடத்துக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வோடு வேலை வந்து போய்விட்டார். அங்கே செமினாரில் யார் வாயைப் பூட்டிக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை. எனக்கு அவரை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதர் தன் வேலையில் வைத்த ஆசையையும் தன் பேரில் வைத்த ஆசையையும் அவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்திருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் ஆரணியில் இருந்தபோதே தொட்டியைத் திறந்தோம். பந்தல், ரிப்பன் ஒன்றும் இல்லை. பட்டறைக் கொல்லையில் நாங்கள் கொஞ்சம் பேர், அக்கம்பக்கத்தார் கொஞ்சம் பேர். ரேவதிதான் குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்து சாக்கடையில் விழுந்தது. பழைய நாற்றம் குறைந்திருந்தது. நுரை மட்டும் மெல்லிசாக மிதந்துகொண்டு போயிற்று. அந்த வழியாக மொபெட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா தனசேகரு, தொட்டி கிட்டின்னு இவ்ளோ அமக்களம் பண்ணிகினு இருந்த. இன்னும் நுரை வருதே?"

நான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் தனசேகர் முன்னால் வந்துவிட்டார்.

"பாதி வரும்னுதான் சொன்னாங்க" என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில். "பாத்துக்கோ. பாதிதான் வருது."